பாதி விளக்கு அணைந்த கார் நகரம்... டெட்ராய்ட் மீண்டு வருகிறதா?

சென்னைக்கு ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அசல் டெட்ராய்ட் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இந்த ஊரை வளர்த்தவை ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய கார் நிறுவனங்கள். 1950-ல் இங்கு வசித்தவர்கள் 18.5 லட்சம் பேர். 2020-ல் வெறும் 6.4 லட்சம்!

என்ன ஆனது? தொழிற்சாலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் நகர்ந்தன. 1967-ல் வெடித்த கலவரத்துக்குப் பிறகு வெள்ளையர்கள் வெளியேறுவது வேகமெடுத்தது. அடுத்து ஜப்பான் கார்கள் சந்தையைப் பிடித்தன. ஆட்கள் போய்விட்டார்கள், சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் அங்கேயே இருந்தன. பராமரிப்புச் செலவு குறையவில்லை, வரி கட்டுபவர்கள் மட்டும் குறைந்தார்கள். மாநகராட்சி கடன் வாங்கியே காலம் தள்ளியது.

2013 ஜூலையில் டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு பெரிய கடனோடு எந்த மாநகராட்சியும் திவாலானதில்லை. அப்போது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவிகிதம் எரியவே இல்லை.

கடனை அடைக்க என்ன வழி? அருங்காட்சியகத்தில் உள்ள வான்கா உள்ளிட்டோரின் ஓவியங்களை விற்பதா, ஓய்வுபெற்றவர்களின் பென்ஷனில் கை வைப்பதா என்று பெரும் விவாதம் நடந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் நன்கொடையாளர்களும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்ததால் ஓவியங்கள் தப்பின. பென்ஷன் முழுசாகத் தப்பவில்லை. மாநகராட்சியின் பொது ஊழியர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு 4.5 சதவிகிதம் வெட்டு விழுந்தது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூடும் தொகையும் நின்றுபோனது. மருத்துவச் சலுகைகளும் பெருமளவு குறைந்தன.

அதன் பிறகுதான் வெளிச்சம். 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்இடி தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. 1988-ல் கடைசி ரயிலை அனுப்பிவிட்டுப் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-ல் ஃபோர்டு வாங்கியது. புதுப்பிக்கப்பட்ட கட்டடம் 2024 ஜூனில் திறக்கப்பட்டது. இப்போது அது ரயில் நிலையம் இல்லை; புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான இடம். 2023-ல், 1957-க்குப் பிறகு முதன்முறையாக மக்கள்தொகையும் சற்றே கூடியதாக அரசு மதிப்பீடு சொன்னது.

இருந்தாலும், ஊரில் சுமார் மூன்றில் ஒருவர் இன்னும் வறுமைக்கோட்டுக்குக் கீழேதான். நகர மையத்தில் கட்டடங்கள் பளபளக்கின்றன. ஆனால், மாநகராட்சிக்காக உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இழந்த பென்ஷன் திரும்பி வரவில்லை. டெட்ராய்ட் எழுந்து நிற்பதற்கான விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்!