ஆண்பாங்கு உடையும் தமிழ்ப் பெண்களும்: மணலூர் மணியம்மை முதல் மலைநாட்டு ஆடைத் தொகுதி வரை

ஆய்வுச் சுருக்கம்

சட்டை, வேட்டி, காற்சட்டை ஆகியவற்றை இயல்பான உடையாகக் கொள்ளும் பெண்கள் தமிழ்ச் சமூகத்தில் முன்னரும் இருந்தனர், இன்றும் உள்ளனர். தன்பாலீர்ப்புடைய பெண்களுள் ஆண்பாங்குத் தோற்றத்தை விரும்புவோரை மேலைநாட்டார் 'புட்ச்' என்பர். இத்தகைய உடை அயலிலிருந்து வந்தது என்னும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்குத் தமிழகத்தில் உள்ள முன்மரபைச் சுட்டி, கொல்லிமலைப் பெரக்கரை நாடு போன்ற மலைநாட்டுச் சூழலில் குறைந்த செலவில் ஓர் அடிப்படை ஆடைத் தொகுதியை அமைக்கும் முறையை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆண்பாங்கு உடை, மணலூர் மணியம்மை, தையல் அளவு, வேட்டி, கொல்லிமலை, பால் வெளிப்பாடு.

முன்னுரை

ஒருவர் எப்பாலினர் என்பதை ஊரார் முதலில் உடையைக் கொண்டே முடிவு செய்கின்றனர். அதனால் ஆண்பாங்கு உடை அணியும் பெண்ணின்மீது கேள்வியும் ஏளனமும் கண்டிப்பும் உடையின் வழியாகவே வந்து சேர்கின்றன. உடை வேறு, ஈர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு. சட்டை அணியும் பெண்கள் எல்லாரும் தன்பாலீர்ப்பினர் அல்லர். தன்னை ஆணாக உணரும் திருநம்பியும், பெண்ணாகவே இருந்துகொண்டு ஆண்பாங்கு உடையை விரும்புபவரும் ஒருவரல்லர். இக்கட்டுரை பின்னவரின் தேவையையே கருதுகிறது.

முன்மரபு

தஞ்சை மாவட்ட உழவர் இயக்கத் தலைவர்களுள் ஒருவரான மணலூர் மணியம்மை பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், இளமையிலேயே கைம்பெண்ணானவர். கைம்மைக் கோலத்தை ஏற்க மறுத்த அவர், தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்தார், மிதிவண்டி ஓட்டினார், சிலம்பம் பயின்றார். பண்ணையாட்களை ஒன்றுதிரட்ட வயல்வெளிகளில் இரவும் பகலும் சென்றுவந்த ஒருவருக்கு அவ்வுடை காப்பாகவும் வசதியாகவும் அமைந்தது. கைம்பெண் எனத் தம்மைக் குறிக்க முயன்ற வழக்கத்திற்கு அது மறுமொழியாகவும் இருந்தது. அவர் 1953இல் மறைந்தார். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் புதினம் அவர் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. அவருடைய உடையை அவரது ஈர்ப்புக்குச் சான்றாகக் கொள்வதற்கு இடமில்லை. ஆண்பாங்கு உடை தமிழ்ப் பெண்ணின் பொதுவாழ்வில் இடம்பெற்றிருந்தது என்பதற்கே அது சான்று.

அதே காலப்பகுதியில் பெரியார் ஈ.வெ.ரா., பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், ஆண்களைப் போலவே எளிய உடை அணிய வேண்டும் என்று பேச்சிலும் எழுத்திலும் வலியுறுத்தினார். நீண்ட கூந்தலைப் பேணுவதிலும் அணிகலன்களிலும் பெண்ணின் நேரம் வீணாகிறது என்பது அவர் வாதம்.

மூன்றாவது சான்று உழைப்புக் களத்தில் உள்ளது. வயலிலும் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் ஈடுபடும் பெண்கள் புடவையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிவது தமிழகமெங்கும் காணும் காட்சி. வெயில், முள், தூசி, பூச்சி ஆகியவற்றிலிருந்து அது காக்கிறது. வேலைக்காக அணியும்போது எவரும் கேள்வி எழுப்பாத அதே சட்டை, விருப்பத்திற்காக அணியும்போது குற்றமாகிறது. ஆகவே ஊரார் உறுத்தலாகக் காண்பது துணியை அன்று. அதனை அணியும் பெண்ணின் விருப்பத்தையே.

தைத்த உடையும் தைக்காத உடையும்

வேட்டிக்கு உடலளவு இல்லை. நான்கு முழ வேட்டி எவ்விடைக்கும் பொருந்தும். ஆணுடை, பெண்ணுடை என்னும் வேறுபாடு துணியில் இல்லை, கட்டும் முறையிலேயே உள்ளது. ஆதலால் இடுப்பு அகன்ற உடலமைப்பினருக்குக் காற்சட்டையைவிட வேட்டியும் லுங்கியும் எளிதிற் பொருந்துகின்றன.

இடர்ப்பாடு சட்டையில் தொடங்குகிறது. ஆயத்த ஆண் சட்டைகள் 38, 40, 42 என மார்பளவைக் கொண்டு எண்ணிடப்படுகின்றன. அகன்ற தோளும் குறுகிய இடுப்பும் உள்ள உடலை நோக்கியே அவை வெட்டப்படுகின்றன. பெண்ணொருவர் தோளுக்குப் பொருந்தும் சட்டையை எடுத்தால் மார்புப் பொத்தான்களுக்கு இடையே துணி பிளந்து நிற்கும். மார்புக்குப் பொருந்துவதை எடுத்தால் தோள் தொங்கும், கை நீளும். பெண்களுக்கான ஆயத்தச் சட்டையோ இடுப்பைக் குறுக்கும் பிடிப்புகளைக் கொண்டிருப்பதால் விரும்பிய தோற்றத்தைத் தருவதில்லை. பொத்தான் அமையும் பக்கமும் வேறு: ஆண் சட்டையில் வலப்புறம், பெண் சட்டையில் இடப்புறம்.

இதற்குத் தீர்வு தையற்காரரிடம் உள்ளது. மார்பு, இடுப்பு இரண்டில் அகன்றதற்கு ஏற்ப உடலைத் தளர்வாக வெட்டி, தோளையும் கை நீளத்தையும் மட்டும் உடலளவுக்குக் குறைக்கச் சொல்ல வேண்டும். பிடிப்பு வைக்கக் கூடாது. மார்பின் குறுக்கே உட்புறமாக ஒரு மறைபொத்தான் வைத்தால் பிளவு தோன்றாது. அடிவிளிம்பு நேராகவும் பக்கங்களில் சிறு திறப்புடனும் இருப்பின் இடுப்பில் இறுக்கம் வராது. உடலோடு ஒட்டும் மெல்லிய துணியைவிடச் சற்றுத் தடித்த பருத்தி நன்று. 36 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தேவைப்படும்.

மலைநாட்டிற்கான அடிப்படைத் தொகுதி

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று பெரக்கரை நாடு. மலைப்பகுதி ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் சமவெளியைவிடக் குளிர் மிகுதி. மழையும் பனியும் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளிக் கடைகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் அடிக்கடி வாங்குவது இயலாது. ஆகவே ஒன்றோடொன்று பொருந்தும் சில உடைகளே போதும்.

1. சட்டை மூன்று: வேலைக்கு அடர்நிற முழுக்கைச் சட்டை ஒன்று, அன்றாடத்திற்கு அரைக்கைச் சட்டை ஒன்று, திருமணம், திருவிழாவுக்கு வெளிர்நிறச் சட்டை ஒன்று.
2. காற்சட்டை இரண்டு: கறுப்பு அல்லது கருநீலம். இடுப்பகலத்திற்கு ஏற்ப எடுத்து, இடையைத் தையற்காரரிடம் குறைத்துக்கொள்ளலாம்.
3. வேட்டி ஒன்று, லுங்கி ஒன்று.
4. கைவைத்த கம்பளி மேலாடை ஒன்று. குளிருக்குக் காப்பு, சட்டையின்மேல் அணியும்போது உடல்வடிவை மறைக்கவும் உதவும்.
5. காலணி: ஆடவர் அளவுகள் பெரியனவாக இருந்தால் சிறுவர் பிரிவில் அதே வடிவம் சிறிய அளவில் கிடைக்கும்.

உள்ளாடையைப் பொறுத்தவரை, உறுதியான விளையாட்டு உள்ளாடையும் அதன்மேல் பனியனும் போதுமானவை. மார்பைத் தட்டையாக்கக் கட்டுத்துணியால் இறுக்குதல் மூச்சுக்கும் விலா எலும்புக்கும் தீங்கு. மேடேறி உழைப்பவருக்கு இது மேலும் கேடு.

உரிமையும் தடையும்

2014ஆம் ஆண்டு நால்சா வழக்கில், உடையின் வழியே பாலினத்தை வெளிப்படுத்துதல் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் உரிமை என உச்ச நீதிமன்றம் கூறியது. 2018இல் தன்பாலுறவு குற்றமன்று என்றாயிற்று. 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பால்புதுமையரைக் காவல்துறையின் துன்புறுத்தலிலிருந்து காக்க நெறிமுறைகள் வகுத்தது. ஆயினும், 2019இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்க்கு வகுத்த உடைநெறி பெண்களுக்குப் புடவை, சல்வார், துப்பட்டாவுடன் சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டையும் காற்சட்டையும் அல்லது வேட்டியும் என்றும் பிரித்தது. காவல்துறைப் பெண்கள் சட்டையும் காற்சட்டையும் அணிந்து பணியாற்றும் மாநிலத்தில், அதே உடை அலுவலகப் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு அந்நெறியில் விடை இல்லை.

உரிமை ஏட்டில் இருப்பினும், குடும்பத்தைச் சார்ந்து வாழும் பெண்ணுக்கு உடைமாற்றம் இடர் தரக்கூடும். அத்தகையோர் வேலைச் சட்டையிலிருந்து தொடங்குதல் தக்கது. ஊர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட உடை அது.

முடிவுரை

பெண்ணின் ஆண்பாங்கு உடைக்குத் தமிழகத்தில் உழைப்பு மரபும் போராட்ட மரபும் உண்டு. அவ்வுடையை அமைத்துக்கொள்ள மிகுந்த பொருளோ பெருநகரக் கடைகளோ தேவையில்லை. நல்ல பருத்தித் துணியும், சொன்ன அளவில் வினவாமல் தைத்துத்தரும் ஒரு தையற்காரரும் போதும். இவ்விரண்டில் துணி எங்கும் கிடைக்கிறது. வினவாத தையற்காரர் எல்லா ஊரிலும் கிடைக்கும் நிலையை உருவாக்குவதே சமூகத்தின் கடமையாகும்.