பாக்கெட்டுக்கு ஒரு கவாத்து

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஓங்கிவிட்ட செடியை வெட்டித் தாழ்த்தும் வேலைக்குக் கவாத்து என்று பெயர். வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று நினைவகத்தையும் வலையமைப்பையும் பங்கிட்டுக் கொடுக்கும் இயங்குதள மையமான கெர்னலிலும், குறிப்பாக ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை இயக்கும் லினக்ஸ் கெர்னலிலும், அதே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இணையத்தில் தரவு, பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது எந்தக் கருவி வழியே வந்தது, நீளம் என்ன, முகவரிப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பவற்றைக் குறித்துவைக்க லினக்ஸ் ஒரு பதிவை உருவாக்குகிறது. மூட்டையில் கட்டிய சீட்டைப் போன்ற அந்தப் பதிவுக்கு 'எஸ்கே பஃப்' என்று பெயர், அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். 64 பிட் கணினிகளில் இந்தச் சீட்டு ஏறத்தாழ 230 பைட் நீளும். ஈதர்நெட்டின் மிகச் சிறிய பாக்கெட்டோ 64 பைட்தான் என்பதால், மூட்டையைவிடச் சீட்டு பெரிதாகிவிடுவதும் உண்டு.

நொடிக்கு 10 கிகாபிட் கடத்தும் கம்பியில் அத்தகைய சிறு பாக்கெட்டுகள் மட்டுமே நிரம்பி வந்தால், நொடிக்கு சுமார் 1.48 கோடி பாக்கெட்டுகளைக் கையாள வேண்டியிருக்கும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி, அதாவது நொடியை நூறு கோடியாகப் பகுத்ததில் 67 பங்கு. கணினியின் மையச் செயலகமோ நினைவகத்தைப் பெரும்பாலும் 64 பைட் கொண்ட வரிகளாகவே தன் விரைவு நினைவகமான கேஷுக்குள் இழுக்கிறது என்பதால், சீட்டு ஒரு வரி நீண்டாலும் நேரம் பறிபோகும்.

ரகசியக் குறியீட்டுப் போக்குவரத்து, வலையமைப்புப் பாலங்களில் வடிகட்டல் போன்ற சிலருக்கே தேவைப்படும் வசதிகளுக்கான புலங்கள், கெர்னலைத் தொகுக்கும்போது வேண்டாமென்றால் நீக்கிவிடத்தக்க விருப்பப் புலங்களாகவே வைக்கப்பட்டிருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரே கெர்னலை அனுப்பும் வினியோகஸ்தர்கள் எல்லா வசதிகளையும் இயக்கியே அனுப்பினார்கள் என்பதால், அந்த விருப்பம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

2018 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் ஃப்ளோரியன் வெஸ்ட்ஃபால் கொண்டுவந்து, 2019 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0இல் இடம்பெற்ற மாற்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. மேற்சொன்ன இரு வசதிகளின் புலங்களும் சீட்டிலிருந்து அகற்றப்பட்டு, தேவைப்படும் பாக்கெட்டுக்கு மட்டும் தனியே இடம் ஒதுக்கும் 'நீட்சி' முறை வந்தது. நீட்சி ஏதேனும் உண்டா என்பதை ஒரே ஒரு பைட் சொல்லிவிடும். வைஃபை, கைப்பேசி வலை ஆகிய இரண்டையும் ஒரே இணைப்பில் பயன்படுத்த உதவும் மல்டிபாத் டிசிபி, 2020இல் லினக்ஸ் 5.6க்குள் நுழைந்தபோது, சீட்டைப் பெருக்காமல் இந்த நீட்சியிலேயே தன் தகவலை வைத்துக்கொண்டது.

வால்பாறையில் கைப்பேசி வைத்திருப்பவருக்கு இதனால் வேகம் கூடியதாகத் தெரியாது. பலன், அவர் கேட்டதை அனுப்பிவைக்கும் சர்வர்களுக்கே. இவ்வளவு வெட்டியும், வலையமைப்பின் ஒவ்வொரு அடுக்கும் தன் குறிப்பைக் கிறுக்கிக்கொள்ள விடப்பட்ட 48 பைட் இடம், சீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, அப்படியே இருக்கிறது.