பத்மநாபபுரம் அரண்மனை

பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே அமைந்துள்ள, மரவேலைப்பாடு மிக்க அரண்மனை ஆகும். 1795 வரை இவ்வூர் திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது.

கட்டிடக்கலை

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளில் சுவரே மரச்சட்டங்களால் ஆனது; சட்டங்களின் இடைவெளிகள் மண்ணாலோ செங்கல்லாலோ நிரப்பப்படும். இங்கோ கூரையே முதன்மையானது. இருபருவ மழையும் பெய்யும் இப்பகுதியில், ஓடு வேய்ந்த செஞ்சரிவுக் கூரை நீரை விரைந்து வடியச் செய்கிறது. சுவரைத் தாண்டி நீளும் இறவாரம் சாரலைத் தடுக்கிறது.

இதன் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம் எனப்படுகிறது. இது நடுவே திறந்த முற்றம் கொண்ட நாலுகெட்டு வீடாகும். இங்கு ஒரே பலாமரத்தில் செதுக்கப்பட்ட தூண் ஒன்று உள்ளது. மன்னர் அமைச்சர்களுடன் கூடிய மந்திரசாலையின் சாய்வான மரப்பட்டிகைகள் வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. மின்சாரம் வேண்டாத குளிர்சாதனம் எனலாம். பளபளக்கும் கரிய தரை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியவற்றால் இடப்பட்டதாகக் கூறப்படுகிறது.

பாதுகாப்பு

1956இல் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனினும் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. 2014இல் இது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

கரையான், ஈரம், தீ ஆகியன மரக்கட்டிடங்களின் பகைகளாகும். ஓர் ஓடு உடைந்து ஒழுகினாலும் அதன் கீழுள்ள கைமரம் நாளடைவில் உளுத்துப்போகும். கைமரம் தளர்ந்தால் கூரை இறங்கும். ஆகவே ஓடு மாற்றும் எளிய வேலையே இங்கு முதன்மையான பாதுகாப்புப் பணியாகும். பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.