ஊர்ச் சந்தாவில் ஒரு தொலைக்காட்சி

'பொதுத் தொலைக்காட்சி' என்றதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது 1982இல் தொடங்கிய ரூபவாஹினிதான். ஆனால் அது அரச கூட்டுத்தாபனம். அரசு வேறு, பொது வேறு. இந்த வித்தியாசத்தை விளக்க, அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரிலுள்ள டபிள்யூ.கியூ.இ.டி. நிலையத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1952இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, விளம்பரமில்லாத கல்வி ஒளிபரப்புக்கென 242 அலைவரிசைகளை ஒதுக்கியது. அலைவரிசை கிடைத்தாலும் நடத்துவதற்குக் காசு வேணுமே! ஹூஸ்டனில் 1953இல் பல்கலைக்கழகம் பொறுப்பெடுத்தது. உருக்காலை நகரமான பிட்ஸ்பேர்க்கில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், குடும்பத்துக்கு 2 டொலர் கேட்டார்கள். 1954 ஏப்ரல் 1ஆம் திகதி ஒளிபரப்பு ஆரம்பமானது. அமெரிக்காவில் ஒரு நகரத்துச் சமூகமே முன்னின்று நடத்திய முதல் தொலைக்காட்சி நிலையம் இதுதான். பள்ளிவாசல் சந்தாவை நினைத்தால் எங்களுக்கு இலேசாக விளங்கும். தொகை சிறிசு, ஆனாலும் கொடுத்தவருக்கு, 'என்ன செய்றீங்க?' என்று கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

அந்த உரிமை நிகழ்ச்சிகளிலும் தெரிந்தது. பெரிய வலையமைப்பான என்.பி.சி.யை விட்டு வந்த பிரெட் ரோஜர்ஸ், இங்கே கைப்பாவைகளை வைத்துச் சிறுவர் நிகழ்ச்சி செய்தார். பிள்ளைகளிடம் பொருள் விற்காமல், பயம், கோபம், கவலை பற்றி ஆறுதலாகக் கதைத்த அவரது நிகழ்ச்சி 1968 முதல் 2001 வரை நாடு முழுவதும் போனது. ரிக் செபக் என்ற தயாரிப்பாளர், நகரத்தில் இல்லாமற்போன கடைகள், பொழுதுபோக்கு இடங்கள் பற்றி 1990இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். விளம்பரதாரரை நம்பியிருக்கும் நிலையம், மூடிப்போன கடையைத் தேடிப் போகுமா?

அரச காசும் இதில் கலந்தே இருந்தது. 1969இல் ரோஜர்ஸ் செனட் குழுவின் முன் சில நிமிடங்கள் பேசியே, பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டொலர் நிதிக்குக் குழுத் தலைவரின் ஆதரவைப் பெற்றார். 2025 ஜூலையில் காங்கிரஸ், ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 110 கோடி டொலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்படியான நேரத்தில் ஒரு நிலையத்துக்குக் கைகொடுப்பது உறுப்பினர் சந்தாதான்.

எங்கட ஊர்களிலும் இப்போது வீட்டுக்கு வீடு கெமரா. முகநூல் நேரலைக்கும் குறைவில்லை. ஆனால் அவை தனியாட்களின் கையில் இருக்கின்றன. ஊரே காசு போட்டு, கணக்குப் பார்த்து, எங்கட வாப்பா உம்மாமாரின் பேச்சையும் கதைகளையும் பதிந்து வைக்கும் ஒரு சிறு நிலையத்தை ஏன் யோசிக்கக்கூடாது? சந்தாப் புத்தகம் எங்களுக்குப் புதிசில்லையே.