பழைய காரில் புதிய ஆசனம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், நமக்கு நன்கு அறிமுகமான குடும்பத்து இளைஞர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற அம்பாசிடர் காரை நம் இல்லத்து வாயிலில் கொண்டுவந்து நிறுத்தினார். 1976-ம் ஆண்டில் வாங்கிய மார்க் 3 வண்டி அது. தந்தையார் காலமான பின்னும் அதனை விற்றுவிட அக்குடும்பத்தாருக்கு மனம் வரவில்லை.

"சுவாமி, முன் சீட்டை மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு இடுப்பு வலி. பழைய சீட்டில் கொஞ்ச தூரம் போய் வந்தாலும் இரண்டு நாள் படுக்கைதான். புதிய சீட்டில் நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்" என்றார்.

அமர்ந்து பார்த்தோம். அண்மைக்காலச் சிறிய கார் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்த தனித்தனி ஆசனங்கள் அவை. முதுகை அணைத்துப் பிடிக்கும் வளைவும், தலைக்குத் தாங்கியும் அமைந்திருந்தன. மகனின் அன்பை மெச்சினோம். நம் கண்ணுக்கும் குறை ஒன்றும் புலப்படவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு துக்க வீட்டிற்கு அதே வண்டியில் புறப்பட்டோம். மகன் ஓட்ட, தாயார் முன்னே அமர, நாம் பின்னே இருந்தோம். வேகம் 40 கிலோ மீட்டருக்கு மேல் இராது. சாலையின் குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. மகன் பிரேக்கை அழுத்தினார். ஆடு தப்பிற்று. ஆனால் தாயார் அமர்ந்திருந்த ஆசனம் பின்புறம் பெயர்ந்து, அவரோடு முன்னோக்கிச் சாய்ந்தது. அம்மையாரின் நெற்றி முன்பலகையில் மோதிக் குருதி வடிந்தது. நான்கு தையல்களோடு போயிற்று. எதிரே லாரி ஒன்று வந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

நம் குடும்பங்களில் பலர் பழைய வண்டிகளைப் பேணி வருகின்றனர். வசதியை நாடி அவற்றில் புதிய ஆசனம் பொருத்த விழைவோரும் உளர். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், அந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகிறோம்.

ஆசனம் நாற்காலியன்று

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் அம்பாசிடர் உருவாகத் தொடங்கியது 1950-களின் இறுதியில். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. பழைய அம்பாசிடர்களில் முன்னாசனம் ஒரே நீண்ட பெஞ்சு. கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தமையால் நடுவிலும் ஒருவர் அமரலாம்; மடியில் குழந்தையும் இருக்கும். அமர்வதற்கு ஓர் இடம் என்பதற்கு மேல் ஆசனத்திற்கு வேறு கடமை உண்டென்று அக்காலத்தில் பலர் கருதவில்லை.

அக்கருத்து மெல்ல மெல்ல மாறிற்று. 1959-ல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் பொலின், மார்பையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் மும்முனை சீட் பெல்ட்டை அமைத்தளித்தார். பின்னிருந்து வண்டி மோதும்போது கழுத்து சாட்டைபோல் பின்னோக்கிச் சொடுக்கி ஒடிவதைத் தடுக்க, 1969 முதல் அமெரிக்காவில் புதிய கார்களின் முன்னாசனங்களில் தலைத்தாங்கி கட்டாயமாயிற்று. இன்றைய ஆசனத்தின் அடித்தகடு முன்புறம் சற்று உயர்ந்திருப்பதும் சொகுசுக்காக மட்டுமன்று. மோதலின்போது உடல் பெல்ட்டின் கீழே நழுவிச் செல்லாமல் தடுப்பதற்காகவும் ஆகும்.

ஆகவே, ஆசனம், பெல்ட், வண்டியின் தரை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு காப்பு. புதிய காரிலிருந்து ஆசனத்தை மட்டும் கழற்றி வருகிறவர், அக்காப்பில் மூன்றில் ஒரு பங்கையே கொண்டுவருகிறார். ஏனைய இரண்டும் அப்புதிய காரிலேயே தங்கிவிடுகின்றன.

எங்கே பிழை நேர்ந்தது?

மறுநாள் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் ஆசனத்தை அகற்றி, தரையிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். பல மழைக்காலத்து நீர் விரிப்பின் அடியில் தேங்கி, தகடு அப்பளம்போல் பொரிந்திருந்தது. புதிய ஆசனத்தின் தண்டவாள அகலம் அம்பாசிடரின் துளைகளுக்குப் பொருந்தவில்லை; எனவே ஆங்கிள் இரும்பைத் துண்டுகளாக்கி, அம்மெல்லிய தகட்டின் மேலேயே வெல்டிங் வைத்திருந்தனர். பற்று நன்றாகவே இருந்தது. பற்றியிருந்த தகடுதான் கிழிந்தது. ஆங்கிள் துண்டுகளின் உயரம் வேறு நெம்புகோல்போல் நின்று, கிழிசலை எளிதாக்கியிருந்தது.

மற்றொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். புதிய ஆசனத்தின் பக்கவாட்டில் சீட் பெல்ட்டின் பூட்டு இருந்தது. ஆனால் அதில் மாட்டுவதற்குரிய பெல்ட் வண்டியில் இல்லை. பூட்டைக் கண்டோமேயன்றி, பெல்ட் எங்கே என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

இங்கு ஒரு சிறு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும்போது வண்டி மோதி, அவருடைய உடல் அரை மீட்டர் தொலைவிற்குள் நிறுத்தப்படுமாயின், அவரைத் தடுத்து நிறுத்தும் விசை ஏறக்குறைய 1,200 கிலோ எடைக்குச் சமம். அது அந்த அம்பாசிடர் காரின் எடைக்கே ஈடானது! பெல்ட்டின் பூட்டு ஆசனத்தோடு பிணைந்திருந்தால், அச்சுமையில் பெரும்பங்கு ஆசனத்தின் போல்ட்டுகள் வழியாகத் தரைத்தகட்டில் விழும். பூட்டு ஆசனத்தில் இல்லாத வண்டியில் அத்தகடு அச்சுமையைக் கருதி அமைக்கப்பட்டதன்று. அமெரிக்க விதிகளோ, ஆசனத்தின் பிணைப்பு அதன் சொந்த எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்கவேண்டும் என்கின்றன. இரண்டு துண்டு ஆங்கிளும் ஒரு கைப்பிடி வெல்டிங் கம்பியும் இக்கணக்கிற்கு எம்மாத்திரம்?

எந்த ஆசனத்தைத் தேர்வது?

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று ஆராய்தல் நலம். இடுப்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் பெஞ்சின் வடிவமன்று. தளர்ந்துபோன சுருள் கம்பிகளும் நொறுங்கிப்போன மெத்தையுமே. நல்ல குஷன் கடையில் கம்பிகளைப் புதுப்பித்து, அடர்த்தியான நுரைமெத்தை வைத்து, இடுப்பின் வளைவிற்குச் சற்றுப் புடைப்பும் கொடுத்துத் தைத்தால், பழைய ஆசனமே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். செலவும் குறைவு.

மாற்றியே தீரவேண்டுமெனில், அதே இனத்து வண்டியின் பிற்கால ஆசனத்தை முதலில் தேடுக. 1990-களின் முற்பகுதியில் ஜப்பானிய இசுசு இயந்திரம் பொருத்தி வந்த அம்பாசிடரில் பெஞ்சு நீங்கித் தனித்தனி ஆசனங்களும், சீட் பெல்ட்டும், தரையிலிருந்து எழும் கியர்க் கம்பியும் இடம்பெற்றன. உடல்கூடு ஒரே வழியில் வந்ததாதலின், அவ்வாசனம் வேற்று வண்டியின் ஆசனத்தைவிட எளிதில் இசையும். எனினும் துளைக்குத் துளை பொருந்துமென்று நம்பிவிடாமல், அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும்.

அண்மைக்காலக் கார் ஆசனங்கள் சிலவற்றின் முதுகுப் பகுதியில் பக்கக் காற்றுப்பை, அதாவது ஏர்பேக், மறைந்திருக்கும். அதனை வெடித்து விரிக்கும் மருந்தும் உள்ளேயே உண்டு. மோதலை உணரும் கருவிகள் பழைய காரில் இல்லாமையால் அது வேளைக்கு உதவாது. ஆனால் விவரமறியாதவர் அதன் கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்தால் கையிலேயே வெடிக்கக்கூடும். ஏர்பேக் என்ற எழுத்துப் பொறித்த ஆசனத்தை, மஞ்சள் நிற இணைப்புக் கம்பி அடியில் தொங்கும் ஆசனத்தை, வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

அளந்து பார்க்க வேண்டியவை

போல்ட் முடுக்கும் முன், ஆசனத்தை வைத்து ஓட்டுபவரே அமர்ந்து பார்க்கவேண்டும். ஆசனத்தின் நடுக்கோடு ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிற்கு நேராக இருக்கிறதா? பெஞ்சில் உடலை நகர்த்திக்கொள்ளலாம். தனி ஆசனம் வைத்த இடத்திலேயே நம்மை இருத்திவிடும். ஒரு சாண் விலகினாலும் நாள்தோறும் முதுகு முறுக்கிக்கொள்ளும். தொடைக்கும் சக்கரத்திற்கும் இடைவெளி உண்டா? பிரேக்கை முழுவதும் அழுத்திய பின்னும் முழங்கால் சற்று மடங்கியிருக்கிறதா? தலைக்கும் கூரைக்கும் நடுவே போதிய இடமிருக்கிறதா? தலைத்தாங்கியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே இருந்தால் அது தலையைத் தாங்காது, கழுத்தையே முறிக்கும்.

தரையும் பிணைப்பும்

விரிப்பையும் தார்ப்பூச்சையும் அகற்றி, தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி எழுந்தால், திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். துரு உண்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்த பின்னரே மற்ற வேலை. துளையிடுமுன் வண்டியின் அடியில் படுத்து நோக்குவது கட்டாயம். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் தரையின் கீழேயே செல்கின்றன. வெல்டிங் பொறி எங்கே தெறிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும், தரைத்தகட்டின் கீழ்ப்புறம், உள்ளங்கை அகலமும் 3 மில்லி மீட்டர் தடிப்பும் உடைய எஃகுத் தகடு வைக்கவேண்டும். சிறு வாஷர் மட்டும் இருப்பின், இழுவிசை ஒரே புள்ளியில் கூடித் தரையைக் கிழித்துவிடும்; அகன்ற தகடோ அவ்விசையைப் பரப்பித் தரும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆசனத்தை உயர்த்த வேண்டுமாயின் தனித்தனித் துண்டுகள் ஆகா. இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைக்கும் உறுதியான சட்டகமே தேவை. முடிவில் துளைகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு இடுக.

சீட் பெல்ட் இன்றி எவ்வளவு உயர்ந்த ஆசனமும் அரைக்காப்பே. நடுத்தூணில் பெல்ட்டுக்குரிய திருகுதுளை இல்லாத வண்டியில், வெறும் தகட்டில் ஆணி இறக்குவதால் பயனில்லை. உள்ளே வலுத்தகடு வைத்தே அமைக்கவேண்டும். பெல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். விபத்துக்குள்ளான வண்டியின் பெல்ட் ஒருமுறை நீண்டு தன் கடமையை முடித்துவிட்டது. மறுமுறை அது காவாது. இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் சொல்வது

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பெஞ்சை எடுத்து இரண்டு ஆசனம் வைக்கும்போது, அமர்வோர் எண்ணிக்கை சான்றிலுள்ளதினின்று மாறலாம். ஆகவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டுக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதும் நன்று. 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், சோதனையின்போது இம்மாற்றம் எப்படியும் அதிகாரியின் கண்ணில் படும்.

இறுதியாக

அக்குடும்பத்தின் வண்டி இரண்டு மாதம் டிங்கர் பட்டறையில் கிடந்தது. முன்தரை முழுவதும் புதுத்தகடாயிற்று. அலுவலகத்தில் கேட்டறிந்த பின், பிற்கால அம்பாசிடரின் ஆசனங்கள் இரண்டு, அடியில் வலுத்தகடுகளோடும் புதிய பெல்ட்டுகளோடும் ஏறின. ஆசனங்களுக்கான விலையைவிடத் தரைக்கும் பிணைப்பிற்கும் ஆன செலவே அதிகம் என்று மகன் கணக்குக் காட்டினார். அதுவே முறையான கணக்கு என்றோம்.

மீண்டும் ஒருநாள் அவ்வண்டியில் சென்றோம். நெற்றியில் தழும்போடு முன்னே அமர்ந்திருந்த அம்மையார், பெல்ட்டைத் தாமே இழுத்து மாட்டினார். பிறகு திரும்பிப் பார்த்து, "சாமி, உங்களுக்குப் பின்னால் பெல்ட் இருக்கிறதா?" என்று வினவினார். இல்லை. மகன் தலைகுனிந்தார், நாமுந்தான். அடுத்த மாதமே பின்னாசனத்திற்கும் பெல்ட் வந்துவிட்டது.

அன்பு வாசகர்களே, பெற்றோருக்கு வசதி செய்து தர விரும்புவது நற்பண்பு. அவர்களை மெத்தையின் மேல் அமர்த்துமுன், மெத்தையின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.