கூச்சமுள்ள விருந்தாளி

மாரிக்கால மாலையொன்றில் நம் மாணவர் சிலர், மாத்தளைக்கு அண்மையிலுள்ள வயல் வாய்க்காலிலிருந்து ஆறு அயிரை மீன்களைப் போத்தலில் ஏந்திக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தனர். முதல்நாள்தான் ஆயத்தஞ் செய்திருந்த கண்ணாடித் தொட்டியில் அவற்றை விட்டோம். மறுநாட் காலையில் ஒன்றையேனும் காணோம்! துள்ளி வெளியே வீழ்ந்தனவோ, மடிந்தனவோ என்று அஞ்சிக் கற்களைப் புரட்டினோம், மணலைக் கிளறினோம். மீன்கள் மணலுக்குள்ளே நலமாகவே இருந்தன. ஆனால், நாம் செய்த அமளிக்குப் பின்னர் இரண்டு நாட்களுள் இரண்டு மீன்கள் இறந்தன. பிழை அவற்றினுடையதன்று, நம்முடையதே. அந்தப் பாடத்தையே இங்கு வாசகர்முன் வைக்கின்றோம்.

ஏன் ஒளிகின்றது?

அயிரை நமக்கு அந்நியமான மீனன்று. சிறிதைக் கொடுத்துப் பெரிதைப் பெறுவதை, 'அயிரையை இட்டு வராலைப் பிடித்தல்' என்பர் நம்மவர். வராலுக்கும் கொக்குக்கும் இரையாகும் சிற்றுயிர் மறைவிடந் தேடுவதில் வியப்பென்ன? பகலில் மணலுள் புதைந்திருந்து, இருள் சூழ்ந்தபின் வாயருகேயுள்ள மீசைகளால் தடவி உணவு தேடுவது அதன் இயல்பு. ஒளிதல் அதற்கு நோயன்று, வாழும் முறை.

நம் நாட்டுச் சாதாரண அயிரைக்குச் சுவையான வரலாறும் உண்டு. 1846ஆம் ஆண்டில் அதனை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி வலென்சியேன், வெந்நீரூற்றோடு தொடர்புடைய பெயரையே அதற்குச் சூட்டினார். திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுகளிலிருந்து பெறப்பட்ட மீன்களே அப்பெயருக்குக் காரணம்.

வருமுன் செய்யவேண்டியவை

விருந்தினர் வந்தபின் வீடு கட்டுவாருண்டோ? தொட்டியைச் சில வாரங்களுக்கு முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். மீன் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருகுவதற்குக் காலம் தேவை. புதுத் தொட்டியில் மீன்கள் மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடியில் கூரிய சரளைக்கல் இடலாகாது. அது மீசைகளைக் காயப்படுத்தும். கழுவிய மென்மணலே ஏற்றது. கவிழ்த்த சிரட்டை, உடைந்த மட்பானையின் மழுங்கிய துண்டு, வழுவழுப்பான ஆற்றுக்கல் ஆகியவற்றைக் கொண்டு மீன்களின் தொகையிலும் மிகுதியாக மறைவிடங்கள் அமைக்கலாம். ஒளிய இடம் நிறைய உண்டென்று அறிந்த மீனே துணிந்து வெளியே வரும். அயிரை சிறு இடைவெளியாலும் தப்பிச் செல்லுமாதலின், இறுக்கமான மூடி இன்றியமையாதது.

வரவேற்கும் முறை

விளக்கை அணைத்துவிட்டு, மீனுள்ள பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிடுக. பின்னர் ஐந்து நிமிடத்துக்கொருமுறை சிறு கிண்ணத் தொட்டி நீரைப் பையினுள் ஊற்றி, மீனைப் புது நீருக்குப் பழக்குக. பலவகை அயிரைகளுக்குக் கண்ணின் கீழே கூரிய முள்ளுண்டு. அது வலையிற் சிக்கிக்கொள்ளும். ஆகவே கிண்ணத்தால் ஏந்தி விடுதல் நன்று. பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

தனியொரு மீனுக்கு அச்சம் மிகுதி. ஐந்தாறு மீன்களாக வளர்த்தல் வேண்டும். கடையில் வாங்குவோர் அளவையும் கருதுக. ஆரஞ்சு நிறத்திற் கரும்பட்டைகளுடன் விளங்கும் கோமாளி அயிரை, சுமாத்திரா, போர்னியோத் தீவுகளுக்குரியது. விரல் நீளத்தில் விற்கப்படும் அது ஓரடி வரை வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். சிறு தொட்டிக்குக் குல்லி அயிரையே பொருந்தும்.

அஞ்சத்தக்கதும் தகாததும்

முதல் இரண்டு மூன்று நாட்கள் உணவு கொள்ளாவிடினும் கலங்கற்க. விளக்கணைத்தபின், அடியிற் சென்று படியும் உணவையோ கொசுப் புழுக்களையோ சிறிதளவு இட்டு, காலையில் எஞ்சியதை அகற்றுக. அயிரை இடையிடையே மேலெழுந்து காற்றை விழுங்குவதுண்டு. குடலாலும் சுவாசிக்க வல்லது அது. கோமாளி அயிரை செத்ததுபோலப் பக்கவாட்டிற் சாய்ந்து இளைப்பாறும், அதுவும் இயல்பே.

ஓயாது மேற்பரப்பில் மூச்சுத் திணறுதல், உடலில் வெண்புள்ளிகள் தோன்றுதல், உணவுண்டும் மெலிதல் ஆகியனவே ஆபத்தின் அறிகுறிகள். அயிரையின் செதில்கள் மிகச் சிறியன. சிலவற்றுக்குச் செதிலில்லாத இடங்களும் உண்டு. ஆதலின் உப்பும் மருந்தும் அவற்றை எளிதில் தாக்கும். அறிந்தவரைக் கேளாது மருந்திடலாகாது.

மாணவருக்கு இன்னுமொரு சொல். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியுமாயிற்று. அங்குள்ள ஓடைகளின் மீன்களைக் கண்ணாற் கண்டு மகிழ்வதோடு அமைக. கடையில் வாங்கிய அந்நிய மீனைச் சுது கங்கையிலோ வேறு நீர்நிலையிலோ ஒருபோதும் விடற்க. அது நம் நாட்டு மீன்களுக்குக் கேடாகும்.

எஞ்சிய நான்கு அயிரைகளை அதன்பின் நாம் தொந்தரவு செய்யவில்லை. ஒன்பதாம் நாள் அந்தியில், சிரட்டையின் கீழிருந்து மீசையுள்ள சிறுமுகமொன்று எட்டிப் பார்த்தது. மாணவர் மூச்சடக்கி நின்றனர். சற்றுநேரத்தில் நான்கும் வெளிவந்து மணலைத் தடவி உண்ணலாயின. வகுப்பின் கடைசி வாங்கில் வாய்திறவாதிருக்கும் பிள்ளையை அதட்டிப் பேசவைக்க முயன்ற நாட்கள் அப்பொழுது நம் நினைவுக்கு வந்தன.