"பிறகு பார்ப்போம்" என்னும் வாழ்க்கை ஏடு

பர் துபாயின் படகுத்துறையில் மாலைவேளை சற்று நின்றாற் போதும். ஒரு திர்ஹாம் கொடுத்து 'அப்ரா' என்னும் மரப்படகில் கடற்கழியைக் கடந்து தேராவுக்குச் செல்வோரிடையே நம் மொழி காதில் விழும். பேச்சு பெரும்பாலும் ஒரே விதமாகவே முடியும்: "தங்கச்சியின் கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்." அது முடிந்தால் வீட்டுக்கடன், அதுவும் தீர்ந்தால் பிள்ளையின் படிப்பு. அந்தப் 'பிறகு' மட்டும் வருவதேயில்லை.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. 1910இல் கனடாவின் மொன்றியல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய உளமருத்துவர் எரிக் பேர்ண், 'இடைவினைப் பகுப்பாய்வு' என்னும் சிகிச்சை முறையை வகுத்தவர். பெற்றோரின் சொல்லையும் முகக்குறிப்பையும் கொண்டு, தன் வாழ்வு இப்படித்தான் நடந்து முடியும் என்று குழந்தை தனக்குள் ஒரு கதை எழுதிக்கொள்கிறது. வளர்ந்தபின் அறியாமலே அதை நடிக்கிறது என்றார் அவர். கூத்தில் அண்ணாவியாரின் கையிலுள்ள ஏட்டைப் போன்றது அது. அவர் மறைந்து ஈராண்டுகளின் பின் 1972இல் வெளியான நூல் இவ்வேடுகளை வகைப்படுத்துகிறது. 'இன்னது முடியும்வரை மகிழலாகாது' என்பது அவற்றுள் ஒன்று.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கடன் கற்பனையன்று, போரும் கற்பனையன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் கையொப்பமிடவில்லை. வேலை போனால் விசாவும் போகும் என்ற அச்சத்துடன் உழைப்பவரிடம் "எல்லாம் உன் மனத்தின் வேலை" என்று கூறுவது கொடுமை. ஆயினும் ஒரு சோதனை உண்டு. தேவை தீர்ந்தபின் அவர் இளைப்பாறினாரா? அல்லது அதே இடத்தில் இன்னொரு 'வரை' வந்து அமர்ந்ததா? பின்னது நேர்ந்தால், அங்கே பேசுவது சூழ்நிலையன்று, ஏடு.

குழந்தையில் எடுத்த முடிவை வளர்ந்தவர் மாற்றலாம் என்பதே இம்முறையின் நம்பிக்கை. றொபேட், மேரி கோல்டிங் தம்பதியர் இதனை 'மறுமுடிவு' எனப் பெயரிட்டு 1979இல் நூலாக்கினர். இந்தியாவில் கொச்சியில் அருட்தந்தை ஜோர்ஜ் கண்டத்தில் 1970களில் இம்முறையைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்.

இச்சிகிச்சையில் 'அனுமதி' என்றொரு சொல் உண்டு. நீயும் மகிழலாம், களைத்தால் ஓயலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதே அது. நம் குடும்பங்களில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் ஐரோப்பாவில், தாய் ஊரில் என்றாகிவிட்டது. நம் பொருட்டு உழைப்பவருக்கு அந்த அனுமதியை வழங்க வல்லவர் நாமே. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டமும்" என்று பிள்ளைகளிடம் சொல்லுமுன்பும் சற்று எண்ணுவோம். அந்தச் சொல்லில்தான் அவர்களுடைய ஏட்டின் முதல் வரி எழுதப்படுகிறது.